உப்புக் கொட்டகைத் துணிக்கூரையில் ஒட்டு நிற்காதது ஏன்?

கேள்வி

வாலிநோக்கம் பக்கம் உப்பு மூட்டைகளை அடுக்கும் கொட்டகை ஒன்றின் துணிக்கூரையைப் பராமரிக்கும் வேலை எனக்கு வந்து ஏழு மாதமாகிறது. இரும்புச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய, பிவிசி பூசிய பாலியஸ்டர் துணி அது. தென்மேற்கு மூலையில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்த இடத்தில் ஹாட் ஏர் கன்னால் (சூடான காற்றை ஊதிப் பூச்சை இளக்கி ஒட்டும் கருவி) மூன்று முறை ஒட்டுப் போட்டேன். மூன்றுமே இருபது நாள்கூடத் தாங்கவில்லை. வெப்பத்தைக் கூட்டிப் பார்த்ததில் துணி பொசுங்கியதுதான் மிச்சம். ஆனால் அதே துணியின் புதுத்துண்டுகளைப் பட்டறையில் ஒட்டினால் பிய்க்க முடிவதில்லை. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1

தம்பி, பிய்ந்து வந்த ஒட்டின் அடிப்பக்கத்தை முதலில் பாருங்கள். பூச்சு கிழிந்து உள்ளே நூல் தெரிந்தால் ஒட்டு பிடித்திருந்தது என்று பொருள். வழவழவென்று சுத்தமாக வந்திருந்தால் அது பிடிக்கவே இல்லை. பல துணிகளின் மேற்பரப்பில் அழுக்கு படியாமலிருக்க ஒரு மெல்லிய மேற்பூச்சு இருக்கும். அது பிவிடிஎஃப் என்ற, எதுவும் எளிதில் ஒட்டாத பிளாஸ்டிக் வகையாக இருந்தால், பெரும்பாலும் உப்புத்தாளால் தேய்த்து எடுக்காமல் ஒட்டு பிடிக்காது. அதோடு உப்புப் படலம் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், நல்ல தண்ணீரில் கழுவி, நன்கு காயவிட்டு, வெயில் ஏறிய பிறகே கன்னை எடுங்கள். ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும், கூர்மூலையிலிருந்துதான் உரிதல் தொடங்கும்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரிதான், ஆனால் ஒரே இடத்தில் மூன்று முறை போனதென்றால் நான் ஒட்டை விட்டுவிட்டு மூலையைத்தான் பார்ப்பேன். பாலியஸ்டர் நெடுநாள் இழுவிசையில் சிறிது நீளும். அதற்காகத்தான் டர்ன்பக்கிளை, அதாவது மூலையை இழுத்துப் பிடிக்கும் முறுக்குத் திருகை, அவ்வப்போது திருக வேண்டும். கடலோரத்தில் அது துருவேறி இறுகிவிட்டால் யாரும் தொடுவதில்லை, துணி தளர்ந்துவிடும், ஆனி ஆடிக் காற்றில் நாள் முழுவதும் படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த அடியை எந்த ஒட்டும் தாங்காது. பாம்பன் பக்கம் நான் பார்த்த ஒரு கூரையில், ஒப்பந்தக்காரர் துணியின் ஓரத்தைப் பிடிக்கும் அலுமினியப் பட்டையைத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டால் நேரடியாக முடுக்கியிருந்தார். உப்புநீர் பட்ட இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, பட்டையின் பிடி தளர்ந்திருந்தது. இடையில் நைலான் வாஷர் போட்டிருந்தால் பட்டை பிழைத்திருக்கும். போல்ட்டும் கடலோரத்தில் வழக்கமான 304 தர எஃகைவிட, மாலிப்டினம் கலந்த 316 தரமாக இருப்பது நல்லது.

கேட்டவர்

இன்று ஏறிப் பார்த்தேன். ஒட்டின் அடி வழவழப்பாகத்தான் இருந்தது. அந்த மூலை டர்ன்பக்கிளோ இரண்டு பேர் சேர்ந்து முறுக்கியும் அசையவில்லை, துணியைக் கையால் தட்டினால் மற்ற மூலைகளில் பறைபோல் ஒலிக்கிறது, இங்கே தொளதொளவென்று கிடக்கிறது. முதலில் ஒட்டவா, இழுக்கவா?

மறுமொழி 2

இழுத்துக் கட்டிய பிறகு ஒட்டாதீர்கள். கிழிசலின் விரிந்த வாயை இழுவிசையோடு மூட முடியாது. காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில், துணியின் மூலையைப் பிடித்திருக்கும் தகட்டை ராட்செட் பெல்ட்டால் (கைப்பிடியால் இறுக்கும் பட்டை) தூணோடு தனியாகப் பிடித்துவிட்டு, அதன் பிறகே பழைய டர்ன்பக்கிளை அறுத்தெடுங்கள். பெல்ட் இல்லாமல் அறுத்தால் தகடு துள்ளி முகத்தில் அடிக்கும். புதியதைத் தளர்வாக மாட்டி வைத்து, வெயில் ஏறியதும் தேய்த்து ஒட்டி, நன்றாக ஆறிய பிறகு சிறிது சிறிதாக முறுக்குங்கள். முழு உடல் பெல்ட்டைச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், கீழே ஓர் ஆள் நிற்கட்டும்.