மறு: ‘பல்மனை’ வேண்டாங்க, ‘பலவாசல்’ எப்படி?

> மல்டிஹோம்டு = பல்மனை. ஹோம் என்றால் மனைதானே?

கணினிக் கலைச்சொல் மொழிபெயர்ப்புக்கு நீங்க சொன்ன ‘பல்மனை’யைப் பற்றித்தான். நம்ம பக்கம் மனை என்றதும் சைட் போட்டு விற்கிறவர் ஞாபகம்தான் வருதுங்கண்ணா. அதுகூடப் பரவாயில்லை, பொருளே மாறிப் போகிறது. 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1122 என்ற இணைய நெறி ஆவணம் மல்டிஹோம்டு என்று சொல்வது ஒன்றுக்கு மேற்பட்ட ஐபி முகவரி (பிணையத்தில் கணினியைக் கண்டுபிடிக்கும் எண்) உள்ள ஒரே கணினியை. வீடு ஒன்றுதான், வழிதான் இரண்டு. தோட்டத்து வீட்டில் முன்னால் வாசல், பின்னால் பொடக்காளி. விருந்தாளி ஒரு பக்கம், மாட்டுத் தீவனம் ஒரு பக்கம். சர்வரிலும் ஒரு பிணைய அட்டை அலுவலகத்துக்கு, இன்னொன்று பேக்கப்புக்கு.

> ஹோஸ்ட்நேம் மேப்பிங் = புரவலர் பெயர்ப் பொருத்தம்

ஜாதகமும் பார்க்கணுமாங்க? எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று எழுதி வைப்பதுதான் இது. சிக்கல் ‘புரவலர் பெயர்’ என்பதில். படிக்கிறவர் கணினிக்கு ஒரு பெயர், அதற்கு ஒரு முகவரி என்றே நினைப்பார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நானும் அப்படித்தான் நினைத்து மாட்டினேன். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம், நிறுவியபோதே ஹோஸ்ட்ஸ் கோப்பில் (பெயரும் முகவரியும் எழுதி வைக்கும் பட்டியல்) கணினியின் பெயரை 127.0.1.1-க்கு எழுதிவிட்டிருந்தது. அது கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் முகவரி. தரவுத்தளம் தன் பெயரைத் தேடி, அந்த முகவரியிலேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது. அதே கணினியில் கேட்டால் பதில் வரும். பக்கத்து மேசையிலிருந்து கேட்டால் மூச்சில்லை.

சரி என்று அதை எடுத்துவிட்டு, அலுவலகப் பக்கத்து 192.168.1.20, பேக்கப் பக்கத்து 10.0.0.20 இரண்டுக்கும் ஒரே பெயரை எழுதி எல்லாக் கணினியிலும் ஒட்டினேன். அது அடுத்த கூத்து. எந்த முகவரி முதலில் வரும் என்பது அந்தந்த மென்பொருளின் பாடு. ராத்திரி பேக்கப் அலுவலகக் கம்பியிலேயே ஓடியது. பின்பக்க (பேக்கப்) முகவரிக்கு, பெயரோடு ஒரு ஒட்டுச் சேர்த்துத் தனிப் பெயர் வைத்த பிறகுதான் அடங்கியது.

அதனால் என் பரிந்துரை: பலவாசல் சர்வர், வாசல்பெயர் (ஒவ்வொரு முகவரிக்கும் உள்ள தனிப் பெயர்), வாசல்பெயர்ப் பதிவு (ஹோஸ்ட்நேம் மேப்பிங்). ‘வாசற்பெயர்’ என்பதே இலக்கணம், தெரியும். தேடுகிறவர் அப்படித் தட்டமாட்டார்.

> கேட்வேக்கு ‘நுழைவாயில்’ ஏற்கெனவே இருக்கிறதே?

நியாயமான கேள்விதாங்க அக்கா. ஆனால் நுழைவாயில் ஊர் எல்லை ஆர்ச் மாதிரி, எல்லோரும் அடுத்த பிணையத்துக்குப் போகும் வழி. வாசல் அவரவர் வீட்டுது, அவரவர்தான் சாணி தெளிக்கணும்.

நம்ம கொங்குப் பக்கத்துப் பொடக்காளியைக் கலைச்சொல்லாக்க ஆசைதான், மதுரைக்காரங்க சண்டைக்கு வருவாங்க. மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘பலவாசல்’ போட்டு, சரிபார்க்க வேண்டும் என்ற குறியோடு வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்க.