மறு: மல்லிகனுக்குத் தமிழ் – ‘கைக்கலைப்பு’ வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

அட்டை ஆட்டங்களின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில் மற்ற சொற்களெல்லாம் நகர்ந்துவிட்டன. ‘மல்லிகன்’ (mulligan, முதலில் எடுத்த அட்டைகளைத் திருப்பிவிட்டு வேறு எடுப்பது) மட்டும் மூன்று வாரமாக நடுரோட்டில் நிற்கிறது. ஐயா போன மடலில் இப்படி எழுதியிருந்தார்:

> முதலில் கைக்கு வந்த அட்டைகளைக் கலைத்துவிட்டு மறுபடி எடுப்பதால் ‘கைக்கலைப்பு’ என்பதே பொருத்தம். கை, கலைப்பு இரண்டுமே சீட்டாடுபவர்களின் வாயில் ஏற்கெனவே புழங்குபவை.

படிக்கும்போது எனக்கும் பிடித்திருந்தது. ‘கை நல்லா இல்ல’, ‘கலைச்சுப் போடு’ என்று பேசாத சீட்டுக் கச்சேரி உண்டா? அதனால் போன ஞாயிற்றுக்கிழமை நுங்கம்பாக்கத்தில் நடந்த போகிமான் அட்டை ஆட்டப் போட்டியில் அந்தச் சொல்லை மேசையிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு மாடி அறை, இருபத்திரண்டு பேர், ஐந்து சுற்று சுவிஸ் (யாரும் வெளியேறாமல், ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்கள் சுற்றுக்குச் சுற்று மோதும் முறை). என் மூன்றாம் சுற்று எதிராளி ஒன்பதாம் வகுப்புப் பையன். நான் என் அட்டைக் கட்டைக் கலைத்து நீட்ட, அவன் வெட்டிக் கொடுத்தான். ஏழு அட்டை எடுத்தேன். அதில் அடிப்படைப் போகிமான் (ஆட்டத்தைத் தொடங்க நேரடியாகக் களத்தில் வைக்கக்கூடிய அட்டை) ஒன்றுகூட இல்லை. விதிப்படி கையை விரித்துக் காட்ட வேண்டும், திரும்பக் கலைத்து ஏழு எடுக்க வேண்டும். காட்டினேன். சத்தமாகவே ‘கைக்கலைப்பு’ என்றும் சொன்னேன். ஏசி சத்தம், பக்கத்து மேசைச் சிரிப்பு எல்லாவற்றையும் தாண்டி அது நடுவரின் காதில் எப்படி விழுந்ததோ, மனுஷர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். “கைகலப்பா? யாருக்கும் யாருக்கும்?”

கைக்கலைப்புக்கும் கைகலப்புக்கும் நடுவே ஒரு க், ஒரு லை. காகிதத்தில் அது பெரிய வித்தியாசம், மேசையில் ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே அட்டை ஆட்டம் என்றாலே காசு வைத்து ஆடுகிறோமா என்று எட்டிப் பார்க்கிற ஊரில், ஒலிபெருக்கியில் ‘நான்காம் மேசையில் கைக்கலைப்பு’ என்று அறிவித்தால் கீழ்த் தளத்திலிருந்து ஆள் ஏறி வரும். வேண்டாம் ஐயா.

அன்றைக்கு எனக்கு அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. அடுத்த ஏழிலும் இல்லை, அதற்கடுத்த ஏழிலும் இல்லை. நான் கையை விரிக்கும்போதெல்லாம் பையன் எட்டிப் பார்த்து, “மறுபடியுமா அங்கிள்?” என்றான். பாவம் பார்த்துக் கேட்டதுதான், ஆனாலும் குத்தியது. ஒவ்வொரு தடவைக்கும் எதிராளி விரும்பினால் ஓர் அட்டை கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். அவன் விரும்பினான். மூன்று அட்டை சும்மா கிடைத்த பையனிடம் ஜெயிப்பதாவது! பத்தே நிமிடத்தில் கை குலுக்கிவிட்டு எழுந்தேன்.

தப்பு என்னுடையதுதான். என் கட்டில் அடிப்படைப் போகிமான் மொத்தமே 8. 60 அட்டையில் 8 என்றால், முதல் ஏழில் ஒன்றுகூட வராமல் போவதற்கு ஏறக்குறைய 35 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. 12 வைத்திருந்தால் அது 19-க்கு இறங்கியிருக்கும். மூன்று முறை அடுத்தடுத்து வெறுங்கை வருவது, 8 இருக்கும்போதே 4 விழுக்காடுதான். அந்த நாலில்தான் நான் போய் மாட்டினேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்ட பிறகுதான் வயிறு எரிந்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். மல்லிகன் கோல்ஃபிலிருந்து வந்தது. அங்கே சொதப்பிய அடியைக் கணக்கில் வைக்காமல் திரும்ப அடிக்க நண்பர்கள் விட்டுக்கொடுப்பது. விதிப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை. அட்டை ஆட்டத்தில் அது விதியாகவே உட்கார்ந்துவிட்டது, ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு வேறு மாதிரி. போகிமானில் நடப்பதைச் சொல்லிவிட்டேன். மேஜிக் என்ற இன்னோர் அட்டை ஆட்டத்தில் கை பிடிக்கவில்லை என்றால் நாமாகவே திருப்பித் தரலாம், யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. 2019-இல் வந்த லண்டன் முறைப்படி எத்தனை தடவை திருப்பினாலும் ஏழு அட்டை எடுக்கலாம். ஆனால் திருப்பிய ஒவ்வொரு தடவைக்கும் ஓர் அட்டையைக் கட்டின் அடியில் செருகிவிட வேண்டும். அதற்கு முன் வான்கூவர் முறை, அதற்கும் முன் பாரிஸ் முறை. எல்லாம் அந்தந்த ஊரில் நடந்த பெரிய போட்டிகளால் வந்த பெயர். (சென்னை முறை என்று ஒன்று வந்தால், திருப்பும் ஒவ்வொரு தடவைக்கும் எதிராளிக்கு ஒரு டீ.) யு-கி-ஓ என்ற அட்டை ஆட்டத்தில் இந்தப் பேச்சே கிடையாது, ஐந்து அட்டை வந்தால் வந்ததுதான், அதை வைத்துக்கொண்டு குப்பை கொட்ட வேண்டும்.

ஆகவே ‘கலைத்தல்’ இதன் மையம் இல்லை. ஆட்டம் முழுக்கக் கலைத்துக்கொண்டேதான் இருக்கிறோம். கட்டில் ஓர் அட்டையைத் தேடி எடுத்தாலும் பிறகு கலைக்க வேண்டும். மல்லிகனை மற்றவற்றிலிருந்து பிரிப்பது, முதல் கை போய் அதன் இடத்தில் இன்னொரு கை வருவதுதான். மறுதேர்வு, மறுகூட்டல், மறுவாக்குப்பதிவு என்று ‘மறு’ போட்டு நாம் நிறையவே செய்திருக்கிறோம். அந்தப் பையனின் ‘மறுபடியுமா’வும் காதிலேயே நின்றது. என் பரிந்துரை: மறுகை. மூன்றே எழுத்து, பன்மைக்கும் இடம் கொடுக்கும்: “மூணு மறுகை.”

மல்லிகனை அப்படியே விட்டுவிடலாம், சுவிஸை விடவில்லையா என்று கோவைச் சகோதரி கேட்டிருந்தார். சுவிஸ் கதை வேறு. சென்னையில் பிள்ளையைச் சதுரங்கத்துக்கு அனுப்பும் எந்த அம்மாவைக் கேட்டாலும் சுவிஸ் முறையில் யார் யாரோடு மோதுவார்கள் என்று சொல்லிவிடுவார். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடே பதினொரு சுற்று சுவிஸ்தான். அந்தச் சொல் ஊருக்குள் வந்து குடியேறி நாளாயிற்று. மல்லிகன் இன்னும் வாசலில் செருப்போடுதான் நிற்கிறது.

பட்டியலில் மற்றவை பற்றிச் சுருக்கமாக. ‘சீட்டு’ வேண்டாம், ‘அட்டை’ போதும் என்பதே என் கட்சி. “ஞாயித்துக்கிழமை சீட்டு விஷயமா போறேன்” என்றதற்கு அம்மா, “மாசம் எவ்வளவு கட்டணும்? ஆளு நம்பிக்கையா?” என்று கேட்டார். டெக் என்பதற்குக் ‘கட்டு’ நன்றாக உட்காருகிறது. கட்டு கட்டுவது என்று வினையாக்கினால் மட்டும் பிரியாணி ஞாபகம் வந்துவிடும், அங்கே ‘கட்டு அமைப்பது’ என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்லீவுக்கு ‘உறை’, அதில் சண்டையில்லை. பின்பக்கம் பார்த்தே இன்ன அட்டை என்று கண்டுபிடிக்கும்படி இருப்பதற்குக் ‘குறியட்டை’. நம் ஊரில் இது ஏமாற்றுபவர்களுக்கு மட்டும் வருவதில்லை. மினுமினு அட்டைகளில் காகிதம் ஈரத்தை உறிஞ்சும், மேலே ஒட்டிய பளபளப்புத் தாள் உறிஞ்சாது. கடற்கரைக் காற்றில் ஒரு மாதம் வைத்தால் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்துவிடும். கட்டில் அது மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் நடுவர் எடுத்துவிடச் சொல்வார். பையன்கள் இதற்கு ‘அப்பளம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் சேர்க்க நமக்குத் தைரியம் இருக்கிறதா?

அன்புடன்.

– – –

தம்பிக்கு,

கைகலப்புக் கதையைப் படித்துவிட்டு வீட்டில் சத்தமாகச் சிரித்தேன். என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் உங்கள் சொல்லிலும் ஓட்டை இருக்கிறது. ‘ஒரு கையில் பை, மறுகையில் குடை’ என்று எழுதுகிறோமே, அதற்கு என்ன பதில்? தவிர, மறுகை என்பது பெயர்ச்சொல். மேசையில் வினை வேண்டும். மறுகை செய்தேன் என்பதா, கொண்டேன் என்பதா, கேட்டேன் என்பதா? இதைத் தீர்க்காமல் பட்டியலில் ஏற்ற முடியாது.

அப்பளத்துக்கு என் ஓட்டு உண்டு.

– – –

ஐயா, வணக்கம்.

குடைக்கு என்னிடம் பதில் இருக்கிறது. தாயத்தில் காய் பழுத்துப் பழமானால் யாரும் அதைத் தின்னப் போவதில்லை. ஆட்டத்துக்குள் வந்ததும் சொல்லுக்கு ஆட்டத்தின் பொருள் வந்துவிடுகிறது. முதல் ஏழு அட்டையைக் கையில் வைத்திருப்பவன் ‘மறுகை’ என்றால் எதிரில் இருப்பவன் குடையைத் தேட மாட்டான்.

வினைதான் ரெண்டு நாள் தூங்கவிடவில்லை. கடைசியில் ஒரே வினை எதற்கு என்று தோன்றியது. மேஜிக்கில் அது நம் முடிவு: ‘மறுகை எடுத்தேன்’. போகிமானில் நமக்குத் தேர்வே இல்லை, அட்டை வந்த விதம் நம்மை அங்கே தள்ளுகிறது. தாயம் விழுகிற மாதிரி அதுவும் விழுகிறது: ‘எனக்கு மூணு மறுகை விழுந்தது’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, கட்டாயமா விருப்பமா என்று விதிப்புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நமக்கு வினையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தித் தாருங்கள்:

மறுகை (பெ.): ஆட்டத் தொடக்கத்தில் எடுத்த கையைக் கட்டில் திருப்பிக் கலைத்து, அதற்குப் பதிலாக எடுக்கும் புதிய கை. விருப்பத்தின்பேரில் என்றால் ‘எடு’, விதியின் கட்டாயத்தால் என்றால் ‘விழு’ என்னும் வினையோடு வரும்.

வருகிற ஞாயிறு திரும்பவும் போட்டி. இந்தத் தடவை கட்டில் 12 வைத்திருக்கிறேன். சொல்லைச் சோதிக்க எதிராளிக்கு விழுந்தால் போதும்.