அளவீட்டுக் கருவிகளுக்கு கேலிபரேஷன் திட்டம்: உதவி தேவை

வணக்கம். எங்கள் பட்டறையில் மைக்ரோமீட்டர், வெர்னியர், டயல் கேஜ், மல்டிமீட்டர், பிரஷர் கேஜ் எல்லாம் சேர்த்து 60 கருவிகள் இருக்கின்றன. இதுவரை ஒழுங்கான பதிவேடு கிடையாது. சிலவற்றில் ஒட்டிய ஸ்டிக்கரே அழிந்துவிட்டது. அந்தப் பொறுப்பு இப்போது என் தலையில்.

ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் பட்டியல் போட்டுவிட்டேன். மாட்டிக்கொண்டது கேலிபரேஷனுக்கான (கருவி சரியாக அளக்கிறதா என்று நம்பகமான அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது) கால இடைவெளியில்தான். எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வருடம் என்று போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தினமும் பலர் கை மாறும் மைக்ரோமீட்டரும் பெட்டியிலேயே தூங்கும் கேஜ் பிளாக்கும் (ஒப்பிட்டுப் பார்க்க உதவும், துல்லியமான நீளம் கொண்ட கட்டை) ஒன்றா? மைக்ரோமீட்டருக்கு ஆறு மாதம் என்று தொடங்கி, தொடர்ந்து சரியாக வந்தால் நீட்டலாமா?

எல்லாவற்றையும் ஐஎஸ்ஓ 17025 (சோதனை, கேலிபரேஷன் ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரநிலை) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பக் கட்டுப்படியாகாது. கேஜ் பிளாக் செட்டை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு, மைக்ரோமீட்டர்களை நாங்களே 20 டிகிரி செல்சியஸில் வைத்துச் சோதித்தால் தணிக்கையில் ஏற்பார்களா? 4:1 விகிதம் (ஒப்பிடும் அளவு, சோதிக்கும் கருவியைவிட நான்கு மடங்கு துல்லியமாக இருப்பது) இருந்தால் போதுமா, நிச்சயமின்மைக் கணக்கும் (அளவு எவ்வளவு தவறியிருக்கலாம் என்ற மதிப்பீடு) எழுதி வைக்க வேண்டுமா?

அப்புறம், என் பெரிய பயம்: ஒரு கருவி வரம்பு தாண்டியது தெரியவந்தால், அதில் அளந்து ஏற்கெனவே அனுப்பிய பாகங்களை எதுவரை பின்னோக்கிப் பார்க்கிறீர்கள்? பதிவேட்டின் மாதிரிப் படிவம் இருந்தால் பகிருங்கள்.