புதுப்பிப்பு: வானொலி நேயர் கணக்கெடுப்பில் எங்கள் குடும்பம்

வானொலி நேயர் கணக்கெடுப்புக்கு எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்திருப்பதைச் சொல்லி, வானொலிப் பக்கமே போகாத என் மகனும் குறிப்பேடு நிரப்ப வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். நிரப்பத்தான் வேண்டும், கேட்காதவர்களை விட்டுவிட்டால், மக்களில் எத்தனை பங்கினர் கேட்கிறார்கள் என்ற விகிதமே பொய்யாகிவிடும்.

எந்த நிலையத்தை எப்போது கேட்டோம் என்று பதியும் அந்தக் குறிப்பேட்டில், ஒவ்வொரு நாளும் கால் மணி நேரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டத்தில் குறைந்தது 5 நிமிடம் கேட்டிருந்தால்தான் கோடு இழுக்க வேண்டும், வீட்டிலா வண்டியிலா வேலையிடத்திலா என்பதையும் குறிக்க வேண்டும். விரும்பிக் கேட்டோமா என்பது கேள்வியே இல்லை. பேருந்து ஓட்டுநர் வைத்த நிலையமும் கணக்கில் சேரும் என்பதால், கேட்பதே இல்லை என்று சாதித்த மகனின் ஏட்டில்தான் மாலைக் கட்டங்கள் வரிசையாக நிரம்பின. மாமியாரோ, தமக்குப் பிடித்த நிலையம் பின்தங்கிவிடக் கூடாதென்று, தூங்கிய நேரத்துக்கும் கோடு இழுக்கப் பார்த்தார்; தடுத்துவிட்டோம்.