மருத்துவமனைப் பணியாளர்களின் மன அழுத்தத்துக்கு எது மூல காரணம்?

கேள்வி – அரசு போதனா மருத்துவமனைச் செவிலியர்

அனைவருக்கும் வணக்கம். பணியாளர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பதற்கென்று எங்கள் மருத்துவமனையில் யோகா வகுப்பு நடத்துகிறார்கள். அந்த வகுப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால், போதனா மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் மூன்று படுக்கைகளுக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்க, இரவுப் பணியில் ஒருவரே வார்டு முழுவதையும் பார்த்துக்கொண்டு, மருந்து, ஊசி, கேஸ் ஷீட், புதிய அட்மிஷன் என்று எல்லாவற்றுக்கும் ஓட வேண்டியிருக்கும்போது, அழுத்தம் எங்கள் மனத்திலிருந்தா பிறக்கிறது? நீங்கள் பணியாற்றும் இடங்களில் எவற்றைக் காரணமாகக் காண்கிறீர்கள்?

மறுமொழி – முதுநிலை மருத்துவ மாணவர்

எங்களுக்கு வேலை நேரமே முதல் காரணம். தொடர் பணி நாளொன்றுக்கு 12 மணி நேரத்தையும், மொத்தப் பணி வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் பொதுவாகத் தாண்டக் கூடாது என்று மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே பயிலும் மருத்துவர்களுக்கான மத்திய அரசின் ரெசிடென்சி திட்டம் 1992இலேயே கூறிவிட்டது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு பரிந்துரைத்த உச்சவரம்போ வாரத்துக்கு 74 மணி நேரம். இத்தனை ஆண்டுகளில் வரம்பு கூடியிருப்பதே நடைமுறை எங்கே போய் நிற்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது. பகல் பணி, இரவு டியூட்டி, மறுநாள் காலை ரவுண்ட்ஸ் என்று தொடரும்போது, உடற்களைப்பைவிட, மருந்தின் அளவைத் தவறாக எழுதிவிடுவோமோ என்ற அச்சமே எங்களை அதிகம் வாட்டுகிறது.

மறுமொழி – ஒப்பந்தச் செவிலியர்

பணிப் பாதுகாப்பின்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே சேர்ந்த செவிலியர்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரமாகும் என்று நம்பிய பலர் அதன் பிறகும் நெடுங்காலம் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருப்பவர் காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்கவும் தயங்குவார்.

மறுமொழி – அவசரப் பிரிவு மருத்துவர்

2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியில் இருந்தபோதே கத்தியால் குத்தப்பட்டார். இத்தகைய தாக்குதலைப் பிணையில் விட முடியாத குற்றமாக்கும் தனிச் சட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் உள்ளது. ஆனால், அடி விழுந்த பிறகுதான் சட்டம் வருகிறது. படுக்கை காலியில்லாததும் ஸ்கேன் தாமதமாவதும் எதிரே நிற்கும் இளம் மருத்துவரின் முடிவல்ல என்றாலும், உறவினர்களின் கோபம் அவர்மீதே பாய்கிறது. நோயாளியின் நிலையை உறவினர்களுக்கு அவ்வப்போது எடுத்துச் சொல்வதற்கென்றே ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தி வருகிறேன். இன்று அந்த வேலையும் உள்ளே தையல் போட்டுக்கொண்டிருப்பவரின் தலையில்தான் விழுகிறது.