‘சாரி’ என்றால் மன்னிப்பா, வருத்தமா?

நெல்லை_வாத்தியார்:
வணக்கம். எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரத்திலிருந்து என் வகுப்பில் ‘சாரி’ செல்லாது என்று சொல்லிவிட்டேன். நான் செய்தது சரியா என்று இங்கே கேட்க வந்தேன்.

நடந்தது இதுதான். ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனின் ஜாமெட்ரி பாக்ஸ் மேல் தெரியாமல் உட்கார்ந்துவிட்டான். புதுப் பாக்ஸ். மூடி நெளிந்துபோய்விட்டது. ‘சாரிடா’ என்றான், கண் ஜன்னல் பக்கம் இருந்தது. மற்றவன் மூடியைத் தொடை மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நிமிர்த்திக்கொண்டிருந்தான். உதடு துடிக்கிறது, அழவில்லை. ‘என்னடா இது?’ என்று உட்கார்ந்தவனைக் கேட்டேன். ‘அதான் சாரி சொல்லிட்டேனே சார்’ என்றான்.

அந்த ‘அதான் சொல்லிட்டேனே’ என்பதுதான் என் சண்டை. ‘மன்னிச்சிடு’ என்பது கேட்கிற சொல். கொடுப்பதும் கொடுக்காததும் அடுத்தவர் கையில் இருக்கிறது. ‘சாரி’ யாரிடமும் எதையும் கேட்பதில்லை. சொன்னவுடன் கணக்கு முடிந்துவிடுகிறது. பொறுத்தலைப் பற்றி வள்ளுவர் ‘பொறையுடைமை’ என்று ஒரு அதிகாரம் முழுக்கப் பேசிய மொழியில், பொறுத்துக்கொள் என்று கேட்கத் தெரியாத பிள்ளைகளை வளர்க்கிறோம்.

மலர்_டொராண்டோ:
சார், பிள்ளையைக் கண்டித்தது சரி. சொல்லைக் கண்டித்ததில் எனக்கு உடன்பாடில்லை. ‘சாரி’க்கு மன்னிப்பு என்று பொருள் வைத்துக்கொண்டு, அது மன்னிப்புக் கேட்கவில்லையே என்று கோபப்படுகிறீர்கள். அது முதலில் மன்னிப்பே இல்லை.

பழைய ஆங்கிலத்தில் ‘சாரிக்’ என்று ஒரு சொல், மனம் நொந்த நிலையைச் சொல்வது. ‘சார்’ என்றால் வலி, புண். இன்றைக்கும் தொண்டைப்புண்ணுக்கு ‘சோர் த்ரோட்’ என்கிறோமே, அந்த ‘சோர்’ இதன் கூடப்பிறந்தது. ஆகவே ‘ஐ ஆம் சாரி’ என்றால் அடியில் இருப்பது ‘எனக்கு நோகிறது’ என்பதுதான். நான் யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைப் பக்கம். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். ‘அவருக்கு வருத்தம்’ என்றால் உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் கிடப்பவர் வருத்தக்காரர். வலி, நோய், மனக்கவலை எல்லாவற்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். ‘சாரி’க்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. இங்கே கனடாவில் நர்ஸ் வேலைக்கு வந்த முதல் வருடம் அப்பா ஊரில் செத்துப்போனார். இரவு டியூட்டியில் செய்தி வந்தது. கூட வேலை செய்த ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்து ‘ஐ ஆம் சோ சாரி’ என்றார். நான் பதறிப்போய் ‘இல்லை இல்லை, நீங்கள் ஒன்றும் செய்யவில்லையே’ என்று சொன்னேன். என் காதில் அந்தச் சொல்லுக்கு மன்னிப்பு என்ற ஒரு பொருள்தான் இருந்தது. அவர் முகம் ஒரு நிமிடம் விளங்காமல் நின்றதை இன்னும் மறக்கவில்லை. உனக்கு வலிக்கிறது, எனக்கும் வலிக்கிறது என்றுதான் அவர் சொன்னார்.

இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் 2009இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். மருத்துவரோ நர்ஸோ ‘சாரி’ என்று சொன்னதை, தப்பை ஒப்புக்கொண்டதாக எடுத்து சிவில் வழக்கில் சாட்சியாக வைக்க முடியாது. அதற்கு முன்பு, கேஸ் வந்துவிடும் என்ற பயத்தில் வருத்தக்காரரின் வீட்டாரிடம் வாய் திறக்கவே தயங்குவார்கள்.

நெல்லை_வாத்தியார்:
அம்மா, உங்கள் அப்பா விஷயம் மனதைத் தொட்டது. ஆனால் நீங்கள் சொன்ன சட்டம் என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. தப்பை ஒப்புக்கொள்ளாமலே சொல்லக்கூடிய சொல் என்று சட்டமே சொல்லிவிட்டதே!

2001 ஏப்ரலில் அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் ஹைனான் தீவுக்குப் பக்கத்தில் மோதிக்கொண்டன. சீன விமானி இறந்துபோனார். அமெரிக்க விமானத்தில் இருந்த 24 பேரைச் சீனா 11 நாள் பிடித்து வைத்திருந்தது. முறையான மன்னிப்பு வேண்டும் என்றது சீனா. அமெரிக்கத் தூதர் கொடுத்த கடிதத்தில் இரண்டு இடத்தில் ‘வெரி சாரி’ என்று இருந்தது. விமானி இறந்ததற்கு ஒன்று, வாய்மொழி அனுமதி இல்லாமல் தரையிறங்கியதற்கு ஒன்று. மன்னிப்புக் கேட்கவில்லை என்று அமெரிக்கா தன் மக்களிடம் சொன்னது. ஆழ்ந்த மன்னிப்பு என்று தொனிக்கும் சொல்லைப் போட்டுச் சீனா தன் மக்களிடம் சொன்னது. 24 பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஒரே சொல்லை வைத்து இரண்டு பக்கமும் தப்பித்துக்கொண்டன.

ஜாலியன்வாலா பாக் நூறாண்டு வந்தபோது, 2019இல், பிரிட்டன் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் என்றுதான் சொன்னார். முழு மன்னிப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சித் தலைவர் அங்கேயே கேட்டார். வரவில்லை. வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். அந்தப் பிரிவுக்குள் எத்தனை பேர் ஒளிந்துகொள்கிறார்கள் பாருங்கள்.

புதுவைக்காரி:
நான் சின்ன வயதில் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்த ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ ஞாபகம் வருகிறது. யாரும் அதில் மன்னிப்புக் கேட்கவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ‘சாரி’ வருவதற்கு முன்னால் நம் வீடுகளில் அந்த இடத்தில் என்ன இருந்தது? பல நேரம் சொல்லே இல்லை. பஸ்ஸில் ஒருவர் மேல் கால் பட்டுவிட்டால் என் பாட்டி குனிந்து, பட்ட இடத்தை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வாய் திறக்க மாட்டார். அவர்களும் ‘பரவாயில்லம்மா’ என்று கையைப் பிடிப்பார்கள். சாவு வீட்டிலும் அப்படித்தான். பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள், ஆண்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்றுகூடச் சொல்லக் கூடாது.

அப்புறம் போன் வந்தது, வாட்ஸ்அப் வந்தது. கை எட்டாத தூரத்தில் இருப்பவருக்கு என்ன சொல்வது? போன மாதம் என் தோழியின் அம்மா இறந்த செய்தி வந்தது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதினேன், சுவரில் ஒட்டும் போஸ்டர் மாதிரி இருந்தது, அழித்தேன். ‘வருந்துகிறேன்’ என்று எழுதினேன், ரயில் தாமத அறிவிப்பு மாதிரி இருந்தது, அதையும் அழித்தேன். கடைசியில் ‘சாரிடி’ என்று அனுப்பினேன். அதுதான் என் குரலாக இருந்தது. நம் கை செய்த வேலையை இப்போது இந்தச் சொல் செய்கிறது என்று நினைக்கிறேன்.

நெல்லை_வாத்தியார்:
கை செய்த வேலையை இந்தச் சொல் செய்யவில்லை, கையைச் சும்மா இருக்க வைத்துவிட்டது. பக்கத்திலேயே இருந்த பையனின் கை அந்த மூடியை நிமிர்த்த நீளவில்லையே.

தறி_குமார்:
எல்லோரும் படித்தவர்கள் பேசுகிறீர்கள், நான் ஒன்று சொல்கிறேன். ஈரோடு பக்கம் விசைத்தறியில் வேலை. பாட்டி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் என்று அக்கா எழுதியதைப் படித்தபோது என் தாத்தாவை நினைத்தேன். அவர் யாரையும் அப்படித் தொட்டிருக்க முடியாது. மேல் படவே கூடாது என்று ஒதுங்கி நடந்தவர். தோட்டத்தில் வரப்பு உடைந்தால்கூட ‘மன்னிச்சுக்குங்க சாமி’ என்று தூரத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். வாத்தியார் சொல்கிற அந்தக் கேட்கிற சொல் எங்கள் வீட்டிலிருந்து மேலே மட்டும்தான் போனது. மேலேயிருந்து ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை.

போன வருடம் எனக்கு 2 நாள் கூலியைத் தப்பாகப் பிடித்துவிட்டார்கள். நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஓனர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ‘சாரி குமாரு, நான்தான் சரியாப் பாக்கல’ என்றார். மன்னிச்சிடு என்று அந்த மனிதர் வாயில் வருமா? வரவே வராது. ‘சாரி’ வந்தது. எனக்கு அது சின்னச் சொல்லாகத் தெரியவில்லை. வீட்டில் வந்து சொன்னேன்.

மலர்_டொராண்டோ:
குமார் தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன்.

வாத்தியார் சார், அரசாங்கங்களைச் சொன்னீர்கள். ஆஸ்திரேலியாவையும் பாருங்கள். அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். 1999இல் பிரதமராக இருந்த ஜான் ஹோவார்ட் ஆழ்ந்த, உண்மையான ‘ரிக்ரெட்’, அதாவது வருத்தம், என்று தீர்மானம் கொண்டுவந்தார். ‘சாரி’ என்று சொல்ல மறுத்தார். மக்கள் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்கு. 2008 பிப்ரவரி 13 அன்று கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து ‘வி சே சாரி’ என்று சொன்னபோது, பார்வையாளர் மாடத்திலும் வெளியே திரை முன்னாலும் நின்றவர்கள் அழுதார்கள். அங்கே ஒளிந்துகொள்ள உதவிய சொல் ‘ரிக்ரெட்’. கனமான சொல் ‘சாரி’. நீங்கள் செல்லாது என்று சொன்ன அதே சொல்.

நெல்லை_வாத்தியார்:
குமார், உங்கள் தாத்தா நின்ற நிலை என் கண்ணில் படவே இல்லை. பணிந்து கேட்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி அழகு என்று நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். அது என் தவறு. மலர் அம்மா சொன்ன ‘வருத்தம்’ என்ற பொருளையும் ஏற்கிறேன்.

ஆனால் அந்த மூடியை நான் விடப்போவதில்லை. உங்கள் ஓனர் ‘சாரி’யோடு நிறுத்தவில்லை, ‘நான்தான் சரியாப் பாக்கல’ என்றும் சொன்னார், கவனித்தீர்களா? ரட்டும் எதற்காக என்று வரிசையாகச் சொன்னார். என் பையன் சொன்ன ‘சாரி’க்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ஆகவே தடையை எடுத்துவிடுகிறேன். ‘சாரி’ சொல்லலாம், எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாளைக்கு வகுப்பில் அவனை எழுந்து நின்று சொல்லச் சொல்லப்போகிறேன்.

தறி_குமார்:
எல்லோர் முன்னாலும் வேண்டாம் சார். 13 வயசுப் பையன். எழுந்து நின்றால் அவன் வாயில் என் தாத்தா பேச்சுதான் வரும். இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டுவையுங்கள்.

நெல்லை_வாத்தியார்:
சரி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரையும் கூப்பிடுகிறேன். அந்த மூடி இன்னும் சரியாக மூடவில்லை. பிராக்டிகல் ரூமில் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கிறது, அதையும் எடுத்து வைக்கிறேன்.