புதுப்பிப்பு: அம்மா யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார்

78 வயதான அம்மாவைச் சூப்பர் விசாவில் (கனடாவில் வாழ்வோரின் பெற்றோர் நீண்டகாலம் வந்து தங்குவதற்கான விசா) ரொறன்ரோவுக்கு அழைப்பதா, யாழ்ப்பாணத்திலேயே பராமரிப்பாளர் ஒருவரை அமர்த்துவதா என்று சென்ற ஆண்டு உங்களிடம் கேட்டிருந்தேன். பெரும்பாலானோர் அழைக்கச் சொன்னீர்கள், அழைத்தேன்.

2022 ஜூலை முதல் அந்த விசாவில் ஒரே வருகையில் 5 ஆண்டுகள் வரை தங்கலாம் என்பதும், குறைந்தது 100,000 கனேடிய டொலருக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும் என்பதும் தெரிந்தே இருந்தன. ஆனால் ஒன்ராறியோவின் பொது மருத்துவக் காப்புறுதி வருகையாளருக்குக் கிடையாது என்பதால், அம்மாவின் நாட்பட்ட இரத்த அழுத்தம் குறித்துத் தனியார் காப்புறுதி விதித்திருந்த விலக்குகளை நான் வரிவரியாகப் படித்திருக்க வேண்டும். படிக்காததால் இரு முறை கைக்காசு போயிற்று.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் பகல்பொழுதுதான். நாங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பின், ஊரில் வேலியோரம் நின்றே நாளுக்குப் பத்துப் பேருடன் பேசிப் பழகியவர், பனியில் வாசலைத் தாண்ட அஞ்சித் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தார். வந்த எட்டாம் மாதம், "பிள்ளை, என்னை வீட்டை கொண்டுபோய் விடு" என்றார்.

இப்போது மச்சாளின் மகள் இரவில் துணைக்குத் தங்குகிறாள். சம்பளமென்றால் வாங்கமாட்டாள் என்பதால் அவளுடைய படிப்புச் செலவை ஏற்றிருக்கிறேன். வாரத்துக்கான மருந்துகளைப் பெட்டியில் அடுக்குவதை ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொள்கிறேன். விசா இன்னும் செல்லுபடியாகும். கோடையில் மட்டும் வர அம்மா சம்மதித்திருக்கிறார்.